அட்டை செருகப்படவில்லை: ஓடும் வாகனமும் அதைத் தேடிவரும் இணையமும்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. கண்டிப் பக்கத்து எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடும் சின்னக் கார் ஒன்றைப் பிடித்தோம். ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த 'ரீகண்டிஷன்' கார். சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். சாரதி நானா ஸ்டார்ட் பண்ணியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மிக மரியாதையாக எதையோ சொல்லி ஓய்ந்தது.

"என்ன நானா சொல்றாங்க?"

"யாருக்குத் தெரியும் சேர். வாங்கின நாளிலிருந்து இதே கததான். ஸ்டார்ட் பண்ணினா ஒருதரம், கடையில நிறுத்திட்டு வந்தா இன்னொருதரம். சலாம் சொல்றா போல."

பின்சீட்டிலிருந்த மகள் "வஅலைக்கும் ஸலாம்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மாவனெல்லையில் தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறியபோது மகள் ஆயத்தமாக இருந்தாள். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து டேஷ்போர்டுக்கு நேரே பிடித்தாள். வந்த விடை இதுதான்: "ஈ.டீ.சீ. அட்டை செருகப்படவில்லை."

நானாவின் முகம் சுருங்கிப் போனது. "அப்ப ஆறு வருஷமா அவ சலாம் சொல்லல்ல சேர். குறைதான் சொல்லியிருக்கா."

தமிழ் படிப்பிக்கிற எனக்கு இந்தக் குரல் நாலைந்து நாள் மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கார் யாரோடு கதைக்கப் பார்க்கிறது? தெரிந்தவர்களிடம் கேட்டும் தேடி வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஓடும் வாகனத்துக்குள் இணையம் எப்படி வந்து சேர்கிறது என்பது பற்றிய கட்டுரைதான் இது. ஆனால் அந்தப் பெண்ணிலிருந்து தொடங்குவதே எனக்கு இலகு.

ஈ.டீ.சீ. என்பது ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் நிற்காமலே கட்டணம் செலுத்தும் முறை. 2001இல் பொதுமக்களுக்கு வந்தது. காருக்குள் ஒரு சிறு கருவி; அதில் வங்கி அட்டை போன்ற ஓர் அட்டையைச் செருக வேண்டும். நுழைவாயிலில் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் ஊர்ந்து போகும்போது, வாயிலுக்கு மேலுள்ள அன்டெனாவும் காரிலுள்ள கருவியும் 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையில் இரண்டொரு வார்த்தை பேசிக்கொள்ளும். தடுப்புக் கம்பு எழும்பும். கட்டணம் கணக்கில் ஏறும். அவ்வளவுதான். நமது அதிவேகப் பாதைகளில் அந்த ஜப்பானிய அட்டைக்கு வேலையில்லை. கார் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை.

இதே காரில் இன்னும் ஒரு செவிட்டுக் காது இருக்கிறது. 1996 ஏப்ரலில் ஜப்பானில் 'விக்ஸ்' என்ற சேவையைத் தொடங்கினார்கள். எந்த வீதியில் நெரிசல், எங்கே விபத்து, எந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறது என்ற செய்திகளை வாகனத்தின் நெவிகேஷன் திரைக்கே அனுப்பும் சேவை. பெரும்பகுதி எஃப்.எம். வானொலி மூலமாகப் போனது. நாம் கேட்கும் பாட்டுக்கும் பேச்சுக்கும் மேலே, மனிதக் காதுக்கு எட்டாத ஓர் உப அலையில் இந்தத் தரவையும் ஏற்றி அனுப்புவார்கள். நெவிகேஷன் கருவி அதைப் பிரித்தெடுத்து வரைபடத்தில் சிவப்புக் கோடு போடும். இது தவிர, சாலையோரக் கம்பங்களில் பொருத்திய கருவிகள் தங்களைக் கடந்து போகும் வாகனத்துக்கு அந்தந்த இடத்துச் செய்தியைக் கொடுத்தன.

ஜப்பானின் எஃப்.எம். வரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி முன்பு 90இல் முடிந்தது. நம்முடையது 88இலிருந்து 108 வரை. அதனால்தான் நம் ஆட்கள் கார் வாங்கியதும் முதல் வேலையாக 'எக்ஸ்பேண்டர்' ஒன்றைப் பூட்டுகிறார்கள். அதைப் பூட்டினால் பாட்டுக் கேட்கலாம். நெரிசல் செய்தி வராது, ஏனென்றால் இங்கே அதை யாரும் அனுப்புவதில்லை.

அந்த எஃப்.எம். முறையில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. அனுப்புகிறவனுக்குக் கேட்கிறவன் யாரென்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எல்லோருக்கும் ஒரே செய்தி. பாங்கு சொல்வது போலத்தான்: ஊர் முழுக்கக் கேட்கும், யார் எந்த அறையிலிருந்து கேட்டார் என்று முஅத்தினுக்குத் தெரியாது. இணையம் அப்படியல்ல. நான் கேட்ட காணொளி எனக்கு, மகள் கேட்ட பாடம் மகளுக்கு. ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்டதைக் கொடுக்க வேண்டுமானால், கேட்டவர் யார், இந்த நொடியில் எங்கே நிற்கிறார் என்பது கொடுப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது.

நமது தூது இலக்கியங்களில் ஓடுவது தூது. செய்தியைப் பெறுபவர் தன் இடத்தில் இருப்பார். இங்கே பெறுபவரே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அது செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர். ஒரு வீட்டு வைஃபையின் அலை வீதியில் 100 மீற்றர் தூரத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டோடு நமக்கு உறவு வெறும் ஆறு செக்கன்.

இந்த ஆறு செக்கனுக்குள் ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா என்று சோதித்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள்: ஜேக்கப் எரிக்சன், ஹரி பாலகிருஷ்ணன், சாமுவேல் மேடன். பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 'கபர்னே' என்று அவர்கள் பெயரிட்ட அந்த முறை பற்றிய கட்டுரை 2008இல் வெளிவந்தது. பொஸ்டன் நகரத்தில் ஓடும் 10 டெக்சிகளில் சிறு கணினிகளைப் பொருத்தினார்கள். அந்தக் காலத்தில் அங்கே பல வீடுகளிலும் கடைகளிலும் வைஃபைக்குக் கடவுச்சொல் போடாமல் திறந்தே விட்டிருந்தார்கள். டெக்சி போகிற போக்கில் அந்தத் திறந்த வாசல்களைப் பிடித்துத் தரவை அனுப்பவும் பெறவும் வேண்டும். இதுதான் சோதனை.

முதலில் அவர்கள் கண்ட தடை வேகம் அல்ல, சம்பிரதாயம். சாதாரண கணினி ஒரு வைஃபையோடு இணைவதற்குப் பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அலைவரிசையாகப் போய் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். பிறகு அறிமுகம். பிறகு சேர்ந்துகொள்ள விண்ணப்பம். பிறகு "எனக்கொரு விலாசம் தாருங்கள்" என்று கேட்டு, அது வரும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு சொல் காற்றில் தவறினால் சில செக்கன்கள் பொறுத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். வழக்கமான மென்பொருளில் இதற்கெல்லாம் 10 செக்கனுக்கு மேல் பிடித்தது. வீட்டில் கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு 10 செக்கன் ஒரு பொருட்டல்ல. ஆறு செக்கனில் வீடே பின்னால் போய்விடும் டெக்சிக்கோ, விலாசம் கிடைக்கும்போது விலாசம் கொடுத்த வீடு இல்லை.

நம் ஊரில் பஸ் ஜன்னலருகே இருக்கும்போது சந்தியில் சொந்தக்காரர் ஒருவரைக் காண்கிறோம். ஸலாம், சுகமா, உம்மாவுக்கு இப்ப எப்படி, மகன் சவூதியிலா என்று விசாரிப்பு முடிவதற்குள் பஸ் எடுத்துவிடும். சொல்ல வந்த கல்யாணச் செய்தி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். எம்.ஐ.டி.க்காரர்கள் செய்தது, ஸலாத்தையும் செய்தியையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக்கியதுதான். படிகளைக் குறுக்கினார்கள். பதிலுக்குக் காத்து நிற்கும் நேரத்தை வெட்டினார்கள். பதில் வராவிட்டால் உடனேயே திரும்பக் கேட்க வைத்தார்கள். 10 செக்கனுக்கு மேல் எடுத்த இணைப்பு சராசரியாக 0.4 செக்கனுக்கும் குறைவாக வந்தது.

இரண்டாவது தடை இன்னும் சுவாரசியமானது. இணையத்தில் தரவு சின்னச் சின்னப் பொதிகளாகப் போகிறது. பொதி ஒன்று காணாமற் போனால், வழியில் நெரிசல் என்று எண்ணிக்கொண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். வயர் வழி இணையத்தில் இது மிக நியாயமான ஊகம். லொறிகள் வந்து சேரவில்லை என்றால் பாதை அடைத்திருக்கிறது, ஆகவே குறைவாக அனுப்பு. ஆனால் ஓடும் காரில் பொதி காணாமற் போவது பெரும்பாலும் நெரிசலால் அல்ல. மரம் மறைத்தது, பஸ் குறுக்கே வந்தது, தூரம் கூடியது. குழியில் லொறி குலுங்கி மூட்டை விழுந்திருக்கிறது. அதற்காக லொறிகளைக் குறைத்தால் மூட்டை விழாமல் இருக்குமா? கிடைத்த ஆறு செக்கனும்தான் வீணாகும். இழப்பு வயர்ப் பகுதியின் நெரிசலாலா, காற்றின் குறையாலா என்று பிரித்தறியும் புதிய விதிமுறை ஒன்றை அவர்கள் வகுத்தார்கள். தரவு போகும் அளவு இரண்டு மடங்கானது.

இத்தனை பாடுபட்டும் நீண்டகாலச் சராசரியாகக் கிடைத்தது, ஒரு காருக்கு மணித்தியாலத்துக்குச் சுமார் 38 மெகாபைட். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். பத்துப் பாட்டுக்கூட வராது. ஆனால் வீதிநிலைச் செய்திகள், வரைபடம், மின்னஞ்சல், குழி எங்கே இருக்கிறது என்ற தகவல் ஆகியவற்றுக்கு அது தாராளம். குழி என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் டெக்சிகளில் அதிர்வுமானி பொருத்தி, வண்டி குலுங்குவதை வைத்தே பொஸ்டன் வீதிக் குழிகளைக் கண்டுபிடிக்கும் வேலையையும் செய்தார்கள். நம் ஊர் வீதிகளில் அந்தக் கருவி வேலைப்பளு தாங்காது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஒரு நெருடல் மட்டும் எனக்கு இருக்கிறது. கதவு திறந்திருப்பது அழைப்பாகுமா? அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு வேலி இல்லை என்பதற்காகக் கேளாமல் அள்ளலாமா? வழிப்போக்கன் ஒரு கை தண்ணீர் குடித்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தினமும் பவுசர் வந்து நின்றால் கதை வேறு. எப்படியோ, காலப்போக்கில் வீட்டு வைஃபைகளுக்கெல்லாம் பூட்டு விழுந்துவிட்டது. வாகனங்களும் வேறு வழியில் போய்விட்டன.

அந்த வழி கைத்தொலைபேசிக் கோபுரங்கள். அன்று கடுகண்ணாவ வளைவுகளில் இறங்கும்போது மகள் பார்த்த காணொளி ஓரிடத்தில் நின்று, சற்றுத் தாழ்ந்ததும் தானாகவே தொடர்ந்தது. மலை மறைத்த இடத்தில் அலை மெலிந்திருக்கிறது. மற்ற இடங்களில் நிற்காமல் ஓடியதுதான் ஆச்சரியம். ஏனென்றால் கண்டியிலிருந்து கொழும்புக்குள் நாம் எத்தனையோ கோபுரங்களின் கை மாறுகிறோம். கருவி இடைவிடாமல் அக்கம்பக்கக் கோபுரங்களின் பலத்தை அளந்து வலையமைப்புக்கு அறிவிக்கிறது. பலம் குறையத் தொடங்கியதும் வலையமைப்பு அடுத்த கோபுரத்தை ஆயத்தப்படுத்திவிட்டு, "இப்போது மாறு" என்று கட்டளையிடுகிறது. அஞ்சலோட்டத்தில் அடுத்தவர் முன்கூட்டியே ஓடத் தொடங்கிக் கம்பை வாங்குவது போல. 4ஜி முறையில் இந்தக் கைமாற்றத்தின் இடைவெளி ஒரு செக்கனின் சிறு பின்னம். காணொளியும் சில செக்கன் நீளத் துண்டுகளாக வெட்டப்பட்டு, முன்கூட்டியே சில துண்டுகள் இறக்கப்பட்டிருக்கும். அலை மெலிந்தால் தரம் குறைந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் இடைவெளி நமக்குத் தெரிவதில்லை.

நாம் ஒன்றுமே பார்க்காமல் வாகனத்தை நிறுத்தி வைத்திருக்கும்போதும் கதை ஓயாது. கோபுரங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தின் எல்லையைக் கடந்து அடுத்ததற்குள் போனால் கருவி "நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்" என்று சொல்லிவிடும். அப்போதுதான் நமக்கொரு செய்தி வந்தால் நாடு முழுக்கத் தேடாமல் அந்தக் கூட்டத்துக் கோபுரங்களில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆகவே, இடம் தெரிந்து வைத்திருப்பது வலையமைப்பின் கெட்ட புத்தி அல்ல. அது இல்லாமல் சேவையே இல்லை. கேள்வி வேறு. தெரிந்துகொண்டதை எவ்வளவு காலம் வைத்திருப்பது? யாரிடம் கொடுப்பது?

இதற்கு இரண்டு மூன்று நடந்த கதைகள் சொல்லலாம்.

டொயோட்டா நிறுவனம் 2018இல் ஜப்பானில் கிரவுன், கொரோலா ஸ்போர்ட் ஆகிய புதிய மாதிரிகளை வெளியிட்டபோது, சிம் அட்டையோடு கூடிய தொடர்புக் கருவியை எல்லாத் தரங்களிலும் பொருத்தியது. 2023 மே மாதம் அதே நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மேகக் கணினிச் சேமிப்பில் அமைப்பைத் தவறாக வைத்திருந்ததால், ஜப்பானில் தன் இணைப்புச் சேவையைப் பயன்படுத்திய சுமார் 21 இலட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளரின் வாகனத் தரவு வெளியாட்கள் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது என்பதே அந்த அறிவிப்பு. எவ்வளவு காலம்? 2013 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை. எந்த வாகனம், எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்றது என்பது அதில் அடக்கம். யாரும் தவறாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்றும் நிறுவனம் சொன்னது. களவு போகவில்லை என்பது ஆறுதல்தான். கிட்டத்தட்டப் பத்து வருடம் வாசல் திறந்திருந்ததை வீட்டுக்காரரே அறியவில்லை என்பது ஆறுதல் அல்ல.

அமெரிக்கக் கதை இன்னும் கசப்பு. அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமும் அதன் ஒன்ஸ்டார் சேவையும் சாரதிகளின் இருப்பிடத்தைச் சில சமயம் மூன்று செக்கனுக்கு ஒருமுறை பதிந்து, ஓட்டும் விதத்தோடு சேர்த்து, தக்க சம்மதமின்றி மூன்றாந் தரப்பாருக்கு விற்றதாக அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. திடீரெனப் பிரேக் பிடித்தது, இரவில் ஓடியது எல்லாம் காப்புறுதிக் கட்டணம் தீர்மானிப்பவர் கைக்குப் போயிருக்கிறது. பாதை காட்டவென்று வைத்த கருவி பின்னால் திரும்பிச் சாட்சி சொல்லியிருக்கிறது.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஐரோப்பாவின் 'ஈகோல்' முறையைப் பாருங்கள். 2018 மார்ச் 31 முதல் அங்கே விற்பனைக்கு அங்கீகரிக்கப்படும் புதிய மாதிரிக் கார்களில் அது கட்டாயம். கடுமையான விபத்து நடந்தால் கார் தானாகவே 112 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்து, வாகனம் எது, எங்கே, எத்திசையில் போய்க்கொண்டிருந்தது போன்ற விபரங்களை அனுப்பும். எல்லாம் சேர்த்து 140 பைட். ஒரு குறுஞ்செய்தி அளவு. மற்ற நேரத்தில் கருவி உறங்க வேண்டும், வாகனத்தைத் தொடர்ந்து பின்பற்றக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரே கோபுரம், ஒரே அலை. எதைச் சொல்ல வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதை மனிதர் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள்.

நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மறுபடி திறக்கப்பட்டது. இனி வரும் ஜப்பானியக் கார்களில் பல இந்தத் தொடர்புக் கருவியோடு பிறந்தவை. ஜப்பானிய வலையமைப்புக்கென்று செய்த சேவை இங்கே இயங்காது. அந்தக் கருவிகளும் நம் நானாவின் ஈ.டீ.சீ. போலச் செவிடாகவே கிடக்கும். பிறந்த நாட்டிலேயே இவற்றுக்குக் காது போவதும் உண்டு. ஜப்பானின் பழைய ரேடியோக் கம்பங்கள் 2022 மார்ச்சோடு நிறுத்தப்பட்டன. அதே வருடம் அமெரிக்காவில் 3ஜியை மூடியபோது பழைய கார்கள் பலவற்றின் இணைப்புச் சேவையும் அற்றுப்போனது. வாகனத்தின் ஆயுள் 20 வருடம் என்றால், அதன் காதுக்கும் வாய்க்கும் அவ்வளவு ஆயுள் இல்லை. விலை கொடுக்கும்போது இதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

காது செவிடானாலும் ஞாபகம் போகாது என்பதை அந்தப் பயணத்திலிருந்து திரும்பும்போதுதான் கண்டோம். வறக்காப்பொலையில் வாகனத்தை நிறுத்தியிருந்த நேரம் மகள் நெவிகேஷன் திரையை நோண்டிக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் ஜப்பான் மட்டும்தான். இலங்கைக்கு வந்த கார் அதன் கணக்கில் நீலக் கடலுக்குள் நின்றது. பட்டியலொன்றில் வீட்டுப் படம் போட்ட ஓர் இடம். தொலைபேசிக் கமராவைப் பிடித்ததும் "என் வீடு" என்று தமிழில் வந்தது. அழுத்தினோம். ஜப்பானில் ஏதோ ஒரு நகரத்தின் ஒரு சின்ன ஒழுங்கைக்குப் போய் அம்புக்குறி நின்றது. காரின் முந்தைய சொந்தக்காரர் அங்கே இப்போதும் இருக்கலாம். அவருடைய வாசலை வறக்காப்பொலைத் தேநீர்க்கடை முன்னால் நின்று நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாரதி நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "சேர், என்ட போனையும் இதுலதான் இணைச்சு வச்சிருக்கிறன். அந்த நம்பரெல்லாம் இதுக்குள்ள கிடக்குமா?"

பார்த்தோம். கிடந்தன. அவருடைய வீட்டுக்காரியின் எண், மௌலவியின் எண், வழமையாக ஏற்றும் பயணிகளின் எண்கள், யாருக்கு எப்போது அழைத்தார் என்ற விபரம் எல்லாமே ஜப்பானிய எழுத்துத் தலைப்புகளுக்குக் கீழே ஒழுங்காக இருந்தன. அடுத்த வருடம் காரை விற்கப் போவதாக அவர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

மகள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக வாசித்துச் சொல்ல, முதலில் அந்த ஜப்பானியரின் வீட்டை அழித்தோம். அழைப்புப் பட்டியலை எப்படி அழிப்பது என்று நானாவுக்குக் காட்டிக்கொடுத்தோம். விற்கிற அன்று செய்துகொள்கிறேன் என்றார். அந்தக் குரலையும் நிறுத்திவிடலாம் நானா, கருவியின் வயரைக் கழற்றினால் போதும் என்றேன்.

"வேணாம் சேர், அது கிடக்கட்டும்" என்று ஸ்டார்ட் பண்ணினார். அவள் வழமைபோல் சொன்னாள்.